எண்ணெய்க் கிண்ணமா, காகிதமா? டிராக்டருக்கும் ஆயில் என்ஜினுக்கும் ஏற்ற காற்று வடிகட்டி

டிராக்டர் வாங்கப் போகும் விவசாயிகள் குதிரை சக்தியைக் கேட்கிறார்கள். மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் ஆகும், லிப்ட் எத்தனை கிலோ தூக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். காற்று வடிகட்டி, அதாவது ஏர் கிளீனர், எந்த வகை என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வண்டி வீட்டுக்கு வந்து இரண்டு, மூன்று வருஷம் ஆன பிறகு, என்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கும்போதுதான் அந்தப் பேச்சே எழுகிறது.

சென்ற கோடையில் ஒரு பட்டறையில் இப்படி ஒரு என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். வாங்கி மூன்று வருஷம்கூட ஆகாத வண்டி. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து ஓரம் கத்தி போல் ஆகியிருந்தது. லைனரின் மேல் பகுதியில் நகத்தை வைத்தால் படி தட்டியது. சொந்தக்காரருக்கு ஆற்றாமை தாங்கவில்லை. “காசைப் பார்க்காமல் நல்ல ஆயில்தான் ஊற்றினேன். வாரம் தவறாமல் பில்டரைக் கழற்றிக் காற்றடித்தேன். அப்படியிருந்தும் இந்தக் கதியா?” என்று கேட்டார். மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் அந்தக் காகித பில்டரைக் கொண்டுவந்து, உள்ளே கைவிளக்கை நுழைத்துக் காட்டினார். மடிப்புகளின் ஓரத்தில் மூன்று, நான்கு இடங்களில் வெளிச்சம் ஊசிமுனை போல் வெளியே தெரிந்தது. “காற்றை எங்கே அடித்தீர்கள் அண்ணே?” என்று கேட்டார். “பஞ்சர் கடையில்தான்.” “அங்கேதான் கிழிந்திருக்கிறது.”

அதே பட்டறையின் வாசலில், கிளட்ச் வேலைக்காக வந்த இருபது வருஷத்துப் பழைய வண்டி ஒன்று நின்றது. அதில் எண்ணெய்க் கிண்ண வடிகட்டி. அந்த என்ஜின் இதுவரை ஒரே ஒரு முறைதான் பிரிக்கப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டதும் நம் நண்பர், “பழைய காலத்து ஆயில் கிண்ணமே மேல். காகிதம் நமக்கு ஒத்துவராது” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரியல்ல. ஆனால் முழுத் தவறும் அல்ல. அதை விளக்கவே இக்கட்டுரை.

என்ஜின் எவ்வளவு காற்றை விழுங்குகிறது?

கிணற்றடியில் ஓடும் 5 குதிரை சக்தி ஆயில் என்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 550 சி.சி. நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் காற்றை உள்ளே இழுக்கிறது. ஆகவே நிமிஷத்துக்கு 750 மூச்சு. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுக்க நிரம்பாது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டாலும், நிமிஷத்துக்கு 330 லிட்டர் காற்று. மணிக்கு சுமார் 20 ஆயிரம் லிட்டர். அந்த ஒரு மணி நேரத்தில் அது குடிக்கும் டீசலோ ஏறக்குறைய 1 லிட்டர்தான். ஒரு லிட்டர் டீசலை வடிகட்ட நாம் எடுத்துக்கொள்ளும் அக்கறையை 20 ஆயிரம் லிட்டர் காற்றின் மீது காட்டுகிறோமா என்று யோசித்துப் பாருங்கள்.

டிராக்டர் இன்னும் பெரிய வயிறு. மூன்று சிலிண்டர், 2500 சி.சி. என்ஜின் 2000 சுற்றில் உழும்போது மணிக்கு சுமார் 125 கன மீட்டர் காற்று, அதாவது ஒன்றேகால் லட்சம் லிட்டர் உள்ளே போகிறது. அதுவும் எப்படிப்பட்ட காற்று! மார்கழியில் சேற்று வயலில் ஓடும்போது அவ்வளவாகத் தூசி இல்லை. செம்மண்ணில் கோடை உழவு ஓட்டும்போதும், காய்ந்த நிலத்தில் ரோட்டவேட்டர் போடும்போதும், ஆடிக் காற்றில் டிரெய்லருடன் மண் பாதையில் போகும்போதும் முன்சக்கரம் தெரியாத அளவுக்குப் புழுதி எழுகிறது.

இந்தப் புழுதியில் பெரும் பங்கு மணல் சத்து. மணலில் உள்ள பளிங்குக் கல் துகள், லைனர் செய்யும் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. நம் கண்ணுக்குத் தெரியும் பெரிய மணலை ஏதோ ஒரு வலையே நிறுத்திவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத பொடி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி சுமார் 70 மைக்ரான் கனம். 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள்தான் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்தில் சரியாக நுழைந்து, இரண்டையும் அரம் போல் ராவுகின்றன. பிறகு அதே தூசி கீழே இறங்கி என்ஜின் ஆயிலில் கலந்து பேரிங்குகளையும் தொடுகிறது. ஆயில் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் மணல் கலந்த ஆயில் மணல் கலந்த ஆயில்தான். நம் பட்டறை நண்பரின் நல்ல ஆயில் அவரைக் காப்பாற்றாததற்கு இதுவே காரணம்.

1915-ல் அமெரிக்காவில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த பிராங்க் டொனால்ட்சன் என்பவர், தாம் விற்ற வண்டிகளின் என்ஜின்கள் தூசியால் கெடுவதைப் பார்த்து ஒரு வடிகட்டியைச் செய்து பொருத்தினார். டிராக்டர் என்ஜினுக்கு உருப்படியான ஏர் கிளீனர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன் என்ஜின்கள் திறந்த வாயோடு புழுதியை அப்படியே தின்றன.

எண்ணெய்க் கிண்ணம் வேலை செய்யும் விதம்

ஆயில் பாத் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்த வகையில், மேலே ஒரு தொப்பி போன்ற பிரீ கிளீனர் இருக்கும். பெரிய தூசியும் சருகும் அங்கேயே சுழன்று ஒதுங்கிவிடும். பிறகு காற்று நடுக்குழாய் வழியாக நேரே கீழே இறங்கி, கிண்ணத்தில் உள்ள எண்ணெயின் மீது மோதி, திடீரென்று திரும்பி மேலே ஏறுகிறது. காற்று திரும்பிவிடும். கனமான தூசியால் அவ்வளவு சட்டென்று திரும்ப முடியாது. எண்ணெயில் விழுந்து அமிழ்ந்துவிடும். மேலே போகும் காற்று கொஞ்சம் எண்ணெய்த் துளிகளையும் தூக்கிக்கொண்டு போய், அங்குள்ள கம்பி வலையை நனைக்கிறது. தப்பி வந்த தூசி அந்த ஈரத்தில் ஒட்டி, எண்ணெயோடு சொட்டிக் கீழே வருகிறது. எளிய ஏற்பாடு. விலை கொடுத்து அடிக்கடி மாற்ற வேண்டிய உறுப்பு ஒன்றும் இல்லை. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் இதுதான் உள்ளது. பல பவர் டில்லர்களிலும் இதுவே.

இதன் குறை என்ன? காற்று வேகமாக மோதினால்தான் தூசி எண்ணெயில் விழும், வலையும் நனையும். என்ஜின் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைந்து, வடிகட்டும் திறனும் குறைகிறது. நல்ல நிலையில் இருந்தாலும் 100 பங்கு தூசியில் 95 முதல் 98 பங்கு வரைதான் பிடிக்கும். தப்பிப் போவது பெரும்பாலும் நுண்ணிய பொடியே. மேலும் கிண்ணம் சமமாக நிற்க வேண்டும். ஆற்றங்கரையில் ஆயில் என்ஜினைச் சாய்வாக வைத்து ஓட்டினால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, மறு பக்கம் காற்று எண்ணெயைத் தொடாமலே போய்விடும்.

எண்ணெய் அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. கிண்ணத்தில் கோடு போட்டிருப்பார்கள். பலர் மூடியைக் கழற்றிப் பார்த்து, “எண்ணெய் கோட்டுக்குக் குறையாமல் இருக்கிறது” என்று திருப்தியோடு மூடிவிடுகிறார்கள். தூசி அடியில் சேரச் சேர எண்ணெய் மேலே ஏறும் அல்லவா? ஆகவே எண்ணெய் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்றால் அது நல்ல அறிகுறி அல்ல. ஒரு குச்சியை அடிவரை விட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் சேறு தட்டினால் உடனே கொட்டிக் கழுவி, புது எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் கெட்டியாகிக் கஞ்சி போல் ஆனாலும் அப்படித்தான். சாதாரண வேலையில் வாரம் ஒரு முறை போதும். புழுதி உழவு நாட்களில் தினமும் மாலையில் பார்ப்பதே உத்தமம்.

கோட்டுக்கு மேல் எண்ணெய் விடுவது பெரிய ஆபத்து. மிச்சத்தை வீணாக்க வேண்டாம் என்று முழுக்க ஊற்றி வைப்பவர்கள் உண்டு. அதிகமான எண்ணெயை என்ஜின் காற்றோடு உறிஞ்சிவிடும். டீசல் என்ஜினுக்கு எண்ணெயும் எரிபொருள்தான். பிறகு ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் டீசலை நிறுத்தினாலும் என்ஜின் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்போது சுற்றி நிற்பவர்களை விலக்கிவிட்டு, காற்று போகும் வாயைக் கனமான பலகையால் அடைத்து மூச்சை நிறுத்துவதுதான் வழி. கையையோ துணியையோ வைக்கக் கூடாது. மழையில் வெளியே நிற்கும் வண்டியிலும் இந்த ஆபத்து வரலாம். தண்ணீர் உள்ளே இறங்கி எண்ணெய்க்கு அடியில் தங்கி, எண்ணெயை மேலே தூக்கிவிடும். எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அறியலாம். புகைக் குழாய்க்கு டப்பாவைக் கவிழ்க்கும் நம் ஆட்கள் காற்றுக் குழாயை மறந்துவிடுகிறார்கள்.

கிண்ணத்துக்கு என்ஜினுக்கு விடும் அதே தர ஆயிலையே விடுங்கள். என்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை இதற்குப் பயன்படுத்துவது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டீசல் கலந்து இளகிய ஆயில் எளிதில் மேலே தூக்கிக்கொண்டு போகும். ஏற்கனவே அழுக்கு நிறைந்த ஆயில் சீக்கிரம் சேறாகிவிடும். மேலே உள்ள கம்பி வலையையும் 200, 250 மணிக்கு ஒரு முறை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ அலசி, நன்றாக வடியவிட்ட பிறகே மாட்ட வேண்டும். பெட்ரோலில் கழுவவே கூடாது. கிண்ணத்தைத் துடைக்கும் பனியன் வேஸ்டின் நூல் உள்ளே தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகித வடிகட்டி

உலர் வகை என்பது பிசின் ஏற்றிய தனிக் காகிதத்தை விசிறி போல் மடித்து வட்டமாக வைத்தது. மடிப்புகளை விரித்தால் ஒரு பெரிய பாய் அளவுக்கு வரும். அதனால்தான் அவ்வளவு நுண்ணிய காகிதத்தின் வழியாகவும் என்ஜினால் சிரமம் இல்லாமல் மூச்சுவிட முடிகிறது. பெரும்பாலான டிராக்டர்களில் உள்ளே இன்னொரு சிறிய பில்டரும் இருக்கும். அது காவலுக்கு வைத்தது. வெளி பில்டர் கிழிந்தால் என்ஜினைக் காப்பாற்ற. டப்பாவின் அடியில் ரப்பர் மூக்கு ஒன்று தொங்கும். சுழன்று ஒதுங்கிய தூசி அதன் வழியாக விழுந்துவிடும். தினமும் அதை ஒரு முறை பிதுக்கிவிட வேண்டும். மூக்கு கிழிந்திருந்தால் புதிது மாற்றுங்கள். அது சின்ன விலைதான்.

இந்தக் காகிதம் 100-க்கு 99 பங்குக்கு மேல் பிடிக்கும். நல்ல பில்டர் 99.5-ஐயும் தாண்டும். என்ஜின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும், வண்டி சாய்ந்து நின்றாலும் அதன் திறன் மாறாது. மற்றொரு ஆச்சரியம்: புது பில்டரைவிட, கொஞ்சம் தூசி படிந்த பில்டர் இன்னும் நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. மிகவும் அடைத்த பிறகுதான் என்ஜின் மூச்சுத் திணறிக் கறுப்புப் புகை விடும், இழுவை குறையும். அந்த நிலையைக் காட்டுவதற்கென்றே பல வண்டிகளில் சிவப்பு அடையாளம் காட்டும் ஒரு சிறு கருவியோ எச்சரிக்கை விளக்கோ உண்டு.

ஆகவே அடைப்பதற்கு முன்பே வாரா வாரம் கழற்றிச் சுத்தம் செய்வது வீண் வேலை மட்டுமல்ல, கெடுதலும்கூட. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் உள்ளே கொஞ்சம் தூசி உதிர்கிறது. ஒவ்வொரு முறை காற்றடிக்கும்போதும் காகிதம் பலவீனமாகிறது. நம் பட்டறை நண்பர் மூன்று வருஷமாகச் செய்தது இதுதான். டிராக்டருடன் வரும் புத்தகங்கள் பொதுவாகச் சொல்லும் காற்று அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவுதான். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் 100 பவுண்டும் அதற்கு மேலும் இருக்கும். மாட்டைக் குளிப்பாட்டத் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்த மாதிரி! குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, உள்ளிருந்து வெளிப்புறமாக மட்டுமே அடிக்க வேண்டும். கம்ப்ரஸர் இல்லாவிட்டால் உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் போதும். சக்கரத்தில் மோதித் தட்டினால் ஓரத்து வளையம் நெளிந்துவிடும். பிறகு அது டப்பாவில் சரியாக உட்காராது. சுத்தம் செய்த பின் இருட்டறையில் உள்ளே விளக்கு வைத்துப் பாருங்கள். ஒரு ஊசித் துளை தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே உள்ள சிறு பில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது. வெளி பில்டரை மூன்று முறை மாற்றும்போது அதை ஒரு முறை புதிதாக மாற்றுவது வழக்கம்.

தண்ணீரும் எண்ணெய்ப் புகையும் காகிதத்தின் எதிரிகள். நனைந்த காகிதம் ஊறி அடைத்துக்கொள்ளும். மூடிய கொட்டகையில் புகைக் குழாயைக் காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் விட்டிருந்தால், கரி படிந்த பில்டரைக் காற்றடித்தும் சுத்தம் செய்ய முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

97-க்கும் 99.5-க்கும் என்ன பெரிய வித்தியாசம், இரண்டரைதானே என்று தோன்றும். பிடித்ததைப் பார்க்காமல் தப்பியதைப் பார்க்க வேண்டும். உழும் வண்டியைச் சுற்றி ஒரு கன மீட்டர் காற்றில் கால் கிராம் தூசி வடிகட்டிக்கு வருகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மணிக்கு 125 கன மீட்டர் என்றால் 31 கிராம். நாள் ஒன்றுக்கு 8 மணி ஓட்டினால் கால் கிலோ! எண்ணெய்க் கிண்ணம் 97 பங்கு பிடித்தால் ஏழரை கிராம் என்ஜினுக்குள் போகும். காகிதம் 99.5 பிடித்தால் ஒன்றேகால் கிராம்தான். ஆறு மடங்கு வித்தியாசம். உங்கள் நிலத்தில் தூசி இதைவிடக் குறைவாக இருக்கலாம், கூடவும் இருக்கலாம். ஆனால் அந்த ஆறு மடங்கு மாறாது.

இங்கேயே நிறுத்தினால் காகிதத்துக்குத்தான் பரிசு. ஆனால் இந்தக் கணக்கில் எல்லாக் காற்றும் வடிகட்டி வழியாகவே போகிறது என்று நாமாக எடுத்துக்கொண்டோம். வடிகட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவே ரப்பர் ஓஸ் ஒன்று இருக்கிறதே! வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் அது காய்ந்து, அடிப்பக்கம் வெடிக்கும். கிளிப்பு தளர்ந்திருக்கும். கிளிப்பு தொலைந்த இடத்தில் டிரைவர் கம்பியைச் சுற்றிவைத்திருப்பார். அந்த வெடிப்பு வழியாக 100-க்கு 5 பங்கு காற்று மட்டும் போகிறது என்று வைத்தாலும், கால் கிலோவில் பன்னிரண்டரை கிராம் தூசி வடிகட்டப்படாமல் நேரே உள்ளே போகிறது. காகித பில்டர் வைத்திருந்தும், எண்ணெய்க் கிண்ணத்தில் தப்புவதைவிட அதிகம். அதுவும் நுண்பொடி மட்டுமல்ல; பெரிய மணலும் சேர்ந்து. கிழிந்த காகிதத்துக்கும் இதே கணக்குதான். பட்டறை நண்பரின் வண்டியில் நடந்தது இதுவே. நல்ல வடிகட்டியை ஓட்டையோடு வைத்திருந்தார். வாசலில் நின்ற பழைய வண்டிக்காரரோ சுமாரான வடிகட்டியை ஓட்டையில்லாமல் வைத்திருந்தார்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. என்ஜினை நிறுத்திவிட்டு, ஓஸை என்ஜின் பக்கம் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருக்கலாம், அது பரவாயில்லை. விரலில் தேய்த்தால் நறநறவென்று மண் தட்டக் கூடாது. தட்டினால் எங்கோ திருட்டு வழி இருக்கிறது. மற்றொரு சோதனை: என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பிரீ கிளீனரைக் கழற்றி, சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டிய பலகையால் குழாய் வாயை மூடுங்கள். இரண்டொரு விநாடியில் என்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறு வழியாகக் காற்று போகிறது என்று அர்த்தம். டர்போ சார்ஜர் உள்ள என்ஜினில் இந்தச் சோதனை வேண்டாம்.

யாருக்கு எது?

கிணற்றடியில், ஒரே இடத்தில், நிழலில் ஓடும் ஆயில் என்ஜினுக்கு எண்ணெய்க் கிண்ணம் தாராளமாகப் போதும். அங்கே தூசி கொஞ்சம்தான். செலவும் இல்லை. சொந்த நிலத்தில் வருஷத்துக்கு இருநூறு, முந்நூறு மணி ஓட்டி, மாலையில் தாமே கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கும் சிறு விவசாயி, எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய டிராக்டரை விற்றுவிட்டு அலைய வேண்டியதில்லை.

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு என் ஓட்டு காகிதத்துக்கே. வருஷத்தில் ஆயிரம் மணி ஓடும். கோடையில் ஊர் ஊராகச் செம்மண்ணில் ரோட்டவேட்டர். சொந்தக்காரர் வீட்டில் இருப்பார், வண்டி டிரைவரிடம் இருக்கும். தினமும் சேற்றில் கைவைத்துக் கிண்ணம் கழுவும் டிரைவர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். காகித பில்டரை, அடையாளம் சிவப்பாகும் வரை தொடாதே என்று சொல்லிவிடலாம். எண்ணெய்க் கிண்ணத்தை அப்படி விட முடியாது. வைக்கோல் கட்டும் இயந்திரம் ஓட்டுபவர்கள் மட்டும் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூசியைவிடச் சுணையும் சருகும் அங்கே அதிகம். அவை பிரீ கிளீனர் வலையை அரை நாளிலேயே அடைத்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் அதைத் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

டர்போ உள்ள புதிய வண்டிகளில் தேர்வு உங்கள் கையில் இல்லை. 50 குதிரை சக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. வேகமாகச் சுழலும் டர்போ சக்கரத்தைத் தூசி அரித்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட என்ஜின்களுக்குக் காகித பில்டரே பொருத்தம்.

பழைய வண்டியின் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிட்டுக் காகித பில்டர் மாட்டித் தருகிறோம் என்று சில பட்டறைகளில் சொல்கிறார்கள். செய்யலாம். ஆனால் டப்பா உங்கள் என்ஜின் இழுக்கும் காற்றின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிறிய கார் பில்டரை மாட்டினால் ஒரே வாரத்தில் அடைத்து இழுவை போய்விடும். இடையில் எத்தனை புதிய ஓஸ், எத்தனை கிளிப்பு வருகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஓட்டைக்கு வழி. நான் கேட்டால், முதலில் பழைய ஓஸையும் கிண்ணத்தின் கேஸ்கட் வளையத்தையும் புதிதாக மாற்றிவிட்டு, ஒரு கோடை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

மருந்து தெளிப்பான், சிறிய பெட்ரோல் பம்பு இவற்றில் வரும் பஞ்சு பில்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில பஞ்சுகள் எண்ணெயில் நனைந்திருக்க வேண்டியவை. சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, சில சொட்டு என்ஜின் ஆயில் விட்டுப் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டு மாட்ட வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு கிழியும். இதைப் பார்த்துப் பழகியவர்கள் காகித பில்டருக்கும் எண்ணெய் தடவுகிறார்கள். அப்படிச் செய்தால் காகிதம் அடைத்துக்கொள்ளும், என்ஜின் மூச்சுவிடாது. எண்ணெய் தடவிய பருத்தி பில்டர்கள், கழுவிக் கழுவி ஆயுள் முழுவதும் பயன்படுத்தலாம் என்று கார்களுக்கு விற்கப்படுகின்றன. அவை காற்றைத் தாராளமாக விடுவதற்காகச் செய்தவை. காகிதம் பிடிக்கும் அளவுக்கு நுண்பொடியை அவை பிடிப்பதில்லை. நம் புழுதிக்கு அவை வேண்டாம்.

காகித பில்டர் வாங்கும்போது விலை மலிவு என்று பெயர் தெரியாத சரக்கை வாங்காதீர்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஓரத்து ரப்பர் வளையத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே எழும்ப வேண்டும். பழைய பில்டரோடு உயரத்தை வைத்து ஒப்பிடுங்கள். நான்கைந்து மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் மூடி அதை அழுத்திப் பிடிக்காது. காற்று பக்கவாட்டில் புகுந்துவிடும்.

பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன், ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துப் போகட்டும். ஓஸைக் கழற்றித் துடைத்துக் காட்டச் சம்மதிக்காத விற்பனைக்காரரிடம் மேற்கொண்டு விலை பேச வேண்டியதில்லை. துணியில் மண் தட்டினால், லைனர், பிஸ்டன், ரிங் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு கேளுங்கள்.